மணிலா வயலும் புதிய ஆராய்ச்சிகளும்

(மேல்மலையனூரில் விவசாயப் பெருமக்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மேல்மலையனூருக்கு அமாவாசைதோறும் வெளியூர்களிலிருந்து பல்லாயிரவர் வருகின்றனர். அங்காளம்மன் சந்நிதியில் ஊஞ்சல் உற்சவம் கண்டு, விடிவதற்குள் பஸ் ஏறிச் சென்றுவிடுகின்றனர். அவர்கள் காணும் மேல்மலையனூர் ஒன்று. மற்ற நாட்களிலெல்லாம் இங்கேயே வாழ்ந்து, செம்மண் கொல்லையில் மணிலாவும், ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் கரும்பும் பயிரிடுகின்ற நீங்கள் அறிந்த மேல்மலையனூர் வேறு. இன்று நாம் பேச வந்திருப்பது அந்த இரண்டாவது ஊருக்காக.

மருத்துவம், புதுப் பொருள்களை ஆக்கும் விஞ்ஞானம், தாவர விஞ்ஞானம் ஆகிய மூன்று துறைகளிலும் அண்மையில் நிகழ்ந்துள்ள முன்னேற்றங்களை எடுத்துரைக்க வேண்டுமென்பது நமக்கு இடப்பட்ட பணி. அவை அனைத்தையும் சொல்லப் புகுந்தால் பொழுது விடிந்துவிடும். ஆகையால் ஓர் எல்லை வகுத்துக் கொள்கிறோம். மணிலா வயலின் வரப்பில் நிற்கும் ஒரு குடியானவரின் கண்ணுக்கு இம்மூன்று துறைகளில் எவை தென்படுமோ அவற்றை மட்டும் பேசுவோம். அவர் கையில் இருப்பது விதை. கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவருவது ஏதோ ஒரு சக்தி. காலடியில், சருகுக்குள், சில வேளைகளில் கிடப்பது பாம்பு. இந்த மூன்றிலும் உலகெங்கும் பெரிய ஆராய்ச்சிகள் நடந்து வருகின்றன.

தொடங்குமுன் ஒன்று கூறிவிட வேண்டும். பத்திரிகையிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் ‘புதிய மருந்து கண்டுபிடிப்பு’, ‘அதிசய விதை’ என்ற செய்திகள் வருகின்றன. சிலர் அவற்றை அப்படியே நம்பிவிடுகின்றனர். பலர் ஒன்றையும் நம்புவதில்லை. இரண்டும் நமக்கு நட்டமே. அத்தகைய செய்தி எதைக் கேட்டாலும், ‘இஃது எத்தனையாவது படியில் நிற்கிறது?’ என்று கேட்டுப் பழக வேண்டும். கண்ணாடிக் குழாயில் நிற்கிறதா, எலியின் உடலில் நிற்கிறதா, மனிதரிடத்தோ ஆராய்ச்சிப் பண்ணையிலோ சோதித்து முடித்தாயிற்றா, விதைக் கிடங்குக்கும் மருந்து அலமாரிக்கும் வந்துவிட்டதா, நம் தெருவுக்கு வந்துவிட்டதா? ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பல ஆண்டுகள் கழிவதுண்டு. ஏறாமலே நின்றுவிடுவனவும் உண்டு.

முதலில் விதையை எடுத்துக் கொள்வோம். நூல்களில் நிலக்கடலை என்று எழுதுவதைத்தான் நாம் மணிலா என்கிறோம், வயலில் மல்லாட்டை என்கிறோம். செஞ்சி வழியாகச் சென்றால் அதிகத் தொலைவில்லாத திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. என்ற மூன்று எழுத்துகள் இந்தியாவின் பல மாநிலங்களில் மணிலா விதை மூட்டைகள்மீது ஏறிச் சென்றிருக்கின்றன. அவற்றுள் டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. குடியாத்தம் வட்டாரத்துக் கொத்து மணிலாவிலிருந்து பொறுக்கித் தேர்ந்தெடுத்தது அது. குறுகிய நாட்களில் விளைவதாலும், மானாவாரியிலும் ஓரளவு காய்ப்பதாலும், ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூட அது பல்லாண்டுகள் நிலைத்து நின்றது.

அந்த ரகத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. டிக்கா என்று நாம் சொல்லும் இலைப்புள்ளி நோயும் துரு நோயும் தாக்கினால் அது தாங்காது. இலை கொட்டிப்போனால் காய் எங்கிருந்து முற்றும்? இந்தக் குறை தீர்ந்த கதை, நம் ஊர் விதைக்கும் உலகத்துக்கும் உள்ள உறவைக் காட்டுவது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மணிலா தென் அமெரிக்காவில் பிறந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டு காட்டுச் செடிகள் ஒன்றோடொன்று கலந்து பிறந்ததே இன்றைய மணிலா. இரண்டு பெற்றோர்களின் மரபுப் பொருளையும் முழுமையாகப் பெற்றுக்கொண்டதால், அவற்றுக்கு இருபது இருபதாக இருந்த குரோமோசோம்கள் இதற்கு நாற்பது ஆயின. இந்தக் கலப்பு நிகழ்ந்தபின், மணிலா தன் காட்டு உறவினரோடு எளிதில் கலக்க இயலாமல் தனித்துப் போயிற்று. பிற காட்டுச் செடிகளிடம் நோயைத் தாங்கும் குணம் எவ்வளவோ இருந்தும், அஃது இதற்குக் கிட்டவில்லை. 1960களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் விஞ்ஞானிகள் மிகப் பாடுபட்டு, பொலிவியா நாட்டுக் காட்டுக் கடலை ஒன்றை மணிலாவோடு கலந்து ஒரு சந்ததியை உண்டாக்கினர். அதன் வழிவந்த விதைகள் நாடு விட்டு நாடு கைமாறின. ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்துக்கும் வந்தன. அங்கிருந்து பல நாடுகளுக்கும் சென்றன. அந்தக் காட்டுச் செடியின் குணம் உலகில் எந்தெந்த ரகங்களில் எல்லாம் புகுந்திருக்கிறது என்பதை 2021இல் மரபணுக்களைப் படித்துக் கணக்கிட்டனர். ஏறத்தாழ முப்பது நாடுகளின் ரகங்களில் அது காணப்பட்டது. பணம் வாங்காமல், கணக்குப் பார்க்காமல் விஞ்ஞானிகள் விதையைப் பரிமாறிக்கொண்டதன் பலன் அது. இன்று அந்தப் பழக்கம் குறைந்து வருவது கவலைக்குரியது என்பது நம் கருத்து.

தார்வாட் விவசாயப் பல்கலைக்கழகத்தார் அந்தக் காட்டுக் குணம் கொண்ட ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தை நம் திண்டிவனத்து டி.எம்.வி. 2 உடன் கலந்து, இலைப்புள்ளியையும் துருவையும் தாங்கும் வாரிசுகளை உண்டாக்கினர். அதன் விவரம் 2017இல் வெளியாயிற்று. பழைய முறையில் இதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். செடி வளர்ந்து, நோய் வந்து, எது பிழைக்கிறதென்று பார்த்துப் பொறுக்க வேண்டும். புதிய முறையில் இளஞ்செடியின் இலைத்துணுக்கு ஒன்றை எடுத்து, வேண்டிய மரபணுப் பகுதி அதில் இருக்கிறதா என்று படித்துவிடலாம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மணிலாவின் இரண்டு பெற்றோர்களின் மரபணுத் தொகுதி 2016இலும், மணிலாவின் தொகுதி 2019இலும் முழுமையாகப் படிக்கப்பட்டுவிட்டதால் இந்த வேலை இனி இன்னும் விரைவாகும்.

எண்ணெயின் தன்மையிலும் மாற்றம் வந்திருக்கிறது. மணிலா எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை வீசுவதை வீட்டுத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். எண்ணெயில் ஒலீயிக் அமிலம் மிகுந்து லினோலீயிக் அமிலம் குறைந்தால் அது எளிதில் கெடாது. சாதாரண மணிலாவில் ஒலீயிக் அமிலம் ஏறத்தாழப் பாதியளவே. 1987இல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து விஞ்ஞானிகள், அது நூற்றுக்கு 80 அளவில் இருக்கும் செடியொன்றைக் கண்டறிந்தனர். இயற்கையாகவே மாறிப் பிறந்த செடி அது. அக்குணத்தைக் கொண்ட கிர்நார் 4, கிர்நார் 5 என்ற இரண்டு ரகங்கள் 2020இல் நம் நாட்டில் வெளியிடப்பட்டன. இக்ரிசாட் நிலையமும் குஜராத்தில் ஜுனாகத் நகரிலுள்ள நிலக்கடலை ஆராய்ச்சி நிலையமும் கூடிச் செய்த வேலை அது. ஆக, இந்த ஆராய்ச்சி விதைக் கிடங்குவரை வந்துவிட்டது.

ஆனால் விதைக் கிடங்குக்கு வந்ததெல்லாம் குடியானவரின் மடிக்கு வந்ததாகாது. ஒலீயிக் அமிலம் மிகுந்த காயும் மற்றக் காயும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையைப் பிரித்துக் கையால் அள்ளிப் பார்த்து விலை சொல்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் கலந்துவிட்டால் பயனும் போயிற்று. எண்ணெய் ஆலைக்காரரோ, பருப்பை ஏற்றுமதி செய்வோரோ முன்கூட்டியே விலை பேசி, ஓர் ஊரார் அனைவரும் ஒரே ரகத்தை விதைத்தால்தான் கூடுதல் விலைக்கு வழியுண்டு. தனி ஒருவர் அரை ஏக்கரில் போட்டு ஆகப் போவதொன்றுமில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

மணிலாவில் உள்ள நஞ்சையும் பேசியாக வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென மாண்டன. காரணம் தேடியபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் படர்ந்த பூஞ்சணம் ஒன்று நஞ்சைச் சுரந்திருந்தது தெரிந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். ஈரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது அது. சமைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் அழியாது. அந்தப் பூஞ்சணம் நம் மண்ணிலும் உண்டு. காய் முற்றும் தறுவாயில் மழை பொய்த்தாலும், பறித்த காய் சரியாகக் காயாவிட்டாலும் அது பெருகும்.

இதைத் தடுக்க இக்ரிசாட்டைச் சேர்ந்த கிரண் சர்மா முதலியோரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் ஓர் அரிய முறையைக் கண்டு 2017இல் வெளியிட்டனர். பூஞ்சணத்தை எதிர்க்கும் புரதமும், பூஞ்சணம் நஞ்சு சுரக்கும் ஆற்றலையே அடக்கிவிடும் மரபுச் செய்தியும் அமைந்த மணிலாச் செடிகளை உண்டாக்கினர். சோதனையில் அக்கடலையில் நஞ்சு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அருமையான வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் இஃது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துப் படியிலேயே நிற்கிறது. மரபணு மாற்றிய பயிரானபடியால் அரசாங்க அனுமதி, பொதுமக்கள் கருத்து என்று கடக்க வேண்டிய வாயில்கள் பல உள்ளன. அதுவரை நமக்குள்ள மருந்து வெயில்தான். பறித்த காயைக் குவித்து வைக்காமல் பரப்பிக் காயவைத்து, குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலவென ஒலிக்கும்வரை விட்டு, சொத்தையும் உடைந்ததும் பூஞ்சணம் பிடித்ததும் பொறுக்கி எறிய வேண்டும். பொறுக்கிய சொத்தையைப் பலர் வீணாக்க மனமின்றிச் செக்குக்கு அனுப்புகின்றனர், அல்லது மாட்டுக்குப் போடுகின்றனர். இரண்டுமே கூடாது. மாடு தின்ற நஞ்சு பாலில் இறங்கும்; அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தை.

இனி நீருக்கு வருவோம். கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இரவில் கிடைத்தால், குடியானவர் டார்ச் விளக்கோடு இரவில் வயலுக்குச் செல்கிறார். பகலிலேயே நீர் பாய்ச்ச முடியுமானால் அந்த இரவுப் பயணம் தேவையில்லை. சூரிய ஒளியால் இயங்கும் பம்பு செட்டை நாம் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். மின்சாரச் சிக்கனம் இரண்டாவதே.

சிலிக்கானால் ஆன சூரிய மின்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தபோது, விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக மாற்றியது. இன்று விற்பனையாகும் பலகைகள் 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. சிலிக்கானை மட்டும் வைத்துக்கொண்டு 29 பங்கைத் தாண்ட இயலாதென்று கணக்குச் சொல்கிறது. இந்த எல்லையைக் கடக்கப் புதிய பொருளொன்றை விஞ்ஞானிகள் எடுத்துக் கொண்டனர். பெராவ்ஸ்கைட் எனப்படும் படிக அமைப்பைக் கொண்டது அது. 2009இல் ஜப்பானியரான மியாசாகா அதைக்கொண்டு முதல் மின்கலம் செய்தபோது 4 பங்குகூடக் கிட்டவில்லை. இப்போது சிலிக்கான்மீது அதை மெல்லிய பூச்சாக ஏற்றி, ஒளியின் ஒரு பகுதியை மேலடுக்கும் மறு பகுதியைக் கீழடுக்கும் பிடித்துக்கொள்ளுமாறு செய்கின்றனர். சீன நிறுவனமொன்று 2024இல் இம்முறையில் 34 பங்கைத் தாண்டிவிட்டது.

ஆயினும் அந்தச் சாதனை உள்ளங்கையினும் சிறிய வில்லையில் நிகழ்ந்தது. இப்பொருளுக்கு ஈரமும் வெப்பமும் ஆகா. சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் இருபது ஆண்டுகள் மாறி மாறித் தாங்க வேண்டிய பலகையில் அதை இடலாமா என்பது இன்னும் தீரவில்லை. ஈயமும் அதில் கலந்திருப்பதால், உடைந்த பலகையை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. ஆகவே, ‘புதிய பலகை வரட்டும், பிறகு வாங்கலாம்’ என்று எவரும் காத்திருக்க வேண்டாம். மானியத்தோடு கிடைக்கும் சிலிக்கான் பலகையே இன்றைக்குப் போதும். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வோம். வெயில் இலவசம் என்பதற்காகப் பகல் முழுவதும் இறைத்தால், கிணறு வற்றிப்போவதைத் தடுக்க எந்தப் பொருள் விஞ்ஞானமும் உதவாது.

இரவுப் பயணத்தைப் பற்றிப் பேசினோம். அதில் எதிர்ப்படும் பாம்பே இன்றைய பேச்சில் பெரும்பகுதியைப் பெற வேண்டியது.

இந்திய நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பன்னிரண்டு லட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இதற்கு முன்னர் 2011இல் வந்த ஆராய்ச்சியோ, இறந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமத்தார் என்றும், 77 பேர் மருத்துவமனைக்கு வெளியிலேயே உயிர் நீத்தனர் என்றும் தெரிவித்தது. இந்த இரண்டாவது கணக்கை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மருந்து பயன்படாமல் இறந்தவர்களைவிட, மருந்திடம் போய்ச் சேராமல் இறந்தவர்களே அதிகம். உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல்தான் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏழைக் குடியானவரைக் கொல்லும் நோய் என்பதால்தான் இத்தனை காலம் புறக்கணிப்பு என்று நாம் கருதினால் அது பெரும் பிழையாகாது.

நம் நாட்டில் உயிருக்கு உலை வைப்பவை பெரும்பாலும் நான்கு பாம்புகள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். விரியன் இரண்டும் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். கண்ணாடிவிரியன் சிறுநீரகத்தையும் அழிக்கும். இவை நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஒரே மருந்துதான் நம் மருத்துவமனைகளில் உள்ளது. குதிரையின் உடலில் நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது அதைச் செய்யும் முறை. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் காட்டிய இவ்வழி இன்றும் அடிப்படையில் மாறவில்லை.

அந்தக் குதிரைக்குச் செலுத்தும் நஞ்சு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நம் தமிழ்நாட்டின் பெயர் வருகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்புத் தோல் வாணிபம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்கள், பாம்பைக் கொல்லாமல் பிடித்துவந்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விட்டுவிடும் தொழிலை மேற்கொண்டனர். இந்திய நாட்டின் நஞ்சு முறிமருந்து பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் இந்தச் சங்கத்தாரை நம்பியே தயாராகி வந்திருக்கிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலும் இருளர் குடியிருப்புகள் உள்ளன. புல்லின் சாய்விலும் மண்ணின் தடத்திலும் பாம்பின் வழியை வாசிக்கும் அவர்களது அறிவை நாம் ஆராய்ச்சி என்று அழைப்பதில்லை. ஆனால் அதன்மீதுதான் ஆய்வுக்கூடத்து ஆராய்ச்சி நிற்கிறது. அவர்களைத் தெருக்கோடியில் நிறுத்திவைத்துவிட்டு, அவர்களால் கிடைத்த மருந்தை நாம் ஏற்றிக்கொள்கிறோம்.

இந்த மருந்துக்குக் குறைகள் உண்டு. ஒரே இனப் பாம்பாயினும் ராஜஸ்தானத்துப் பாம்பின் நஞ்சும் தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சும் ஒன்றாக இருப்பதில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் இதனைப் பல இனங்களில் எடுத்துக் காட்டியுள்ளனர். தெற்கே எடுத்த நஞ்சால் ஆன மருந்து வடக்கே சில இடங்களில் குன்றிப்போகிறது. நம் வட்டாரத்தாருக்கு இவ்வகையில் குறைவில்லை என்றாலும், வேறொரு குறை எல்லாருக்கும் பொது: குதிரையின் புரதம் மனித உடலுக்கு ஒவ்வாமல் சிலருக்கு அதிர்ச்சி உண்டாகும். அதனால்தான் இம்மருந்தை மருத்துவர் முன்னிலையில் மட்டுமே ஏற்ற முடிகிறது.

குதிரை இல்லாமலே மருந்து செய்ய இயலுமா என்பதே இன்றைய ஆராய்ச்சி. 2020இல் சோமசேகர் சேஷகிரி முதலிய விஞ்ஞானிகள் இந்திய நாகத்தின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து, அதன் நஞ்சில் முக்கியமான 19 மரபணுக்களை அடையாளம் காட்டினர். இன்னதென்று தெரிந்தால் அதற்கு மட்டும் குறிவைக்கலாமல்லவா? 2024 பிப்ரவரியில் சுனகர் குழுவினரும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தாரும் சேர்ந்து, ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்த மனித எதிர்ப்பொருள் ஒன்றை அறிவித்தனர். நாக இனத்திலும் கட்டுவிரியன் இனத்திலும் ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பாவிலும் பொதுவாக உள்ள நரம்பு நஞ்சொன்றை அது முறித்தது. 2025 ஜனவரியில் மற்றொரு செய்தி வந்தது. 2024இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழுவினர், கணிப்பொறியின் துணையால் இயற்கையில் இல்லாத சிறு புரதங்களை வரைந்து, அவற்றைக் கொண்டு அதே வகை நஞ்சைப் பிடித்து நிறுத்தினர். இவை வெப்பத்தைத் தாங்குபவை. நுண்ணுயிர்களைக் கொண்டே மலிவாக உற்பத்தி செய்யக்கூடியவை. குளிர்பெட்டி இல்லாத கிராமத்துக்கு ஏற்ற மருந்து இவ்வழியில் வரலாம் என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு.

ஆனால் படியைக் கேட்போம். மேற்சொன்ன இரண்டும் எலியின் படியில் நிற்கின்றன. இரண்டும் பெரும்பாலும் நரம்பு நஞ்சுக்கே ஆனவை. நம் வயல்களில் பெருந்தொல்லை தரும் கண்ணாடிவிரியனுக்கு அவை விடையாகா. விரியன் நஞ்சுக்கும் உதவும் என்று எதிர்பார்க்கப்பட்ட வரெஸ்பிளாடிப் என்ற மருந்து மனிதரின் படிவரை வந்தது. மாத்திரையாக விழுங்கக் கூடியது அது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவமனைகளில் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது, மொத்தத்தில் தெளிவான கூடுதல் பயன் காணப்படவில்லை. கடிபட்டுச் சில மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் மட்டும் ஓரளவு பயன் இருக்கக்கூடும் என்ற குறி தென்பட்டது. அதை உறுதி செய்ய இன்னும் பெரிய சோதனை வேண்டும். ‘பாம்புக் கடிக்கு மாத்திரை வந்துவிட்டது’ என்று எவரேனும் கைப்பேசியில் அனுப்பினால், இந்த விவரத்தை அவருக்குச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை நம்பி ஒருவர் அரை மணி நேரம் தாமதித்தாலும் உயிர் போகலாம்.

தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி இரத்தம் வடிப்பது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது, மந்திரிப்பது ஆகிய எதனாலும் நஞ்சு இறங்குவதில்லை. இறுகக் கட்டிய கால் அழுகிப்போனதுண்டு. கடிபட்டவரை நடக்கவிடாமல், எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டி, கொலுசு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துச் செல்வதும் வீண் வேலை. மருத்துவர் நோயாளியின் இரத்தத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே விரியன் நஞ்சை அறிந்துகொள்வார்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தரையில் படுத்து உறங்குபவரை இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது, பல்தடம்கூடத் தெரியாமலிருக்கும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார், இமை தானே தாழும், பேச்சுக் குழறும். வயிற்றுக் கோளாறு என்றெண்ணி வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைப் போக்கிவிடுகின்றனர். இமை தாழ்ந்தால் அது பாம்புக் கடியாக இருக்கலாம் என்ற எண்ணம் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் வர வேண்டும். கட்டிலில் படுப்பதும், தரையிலானால் கொசுவலையை விரிப்பின்கீழ் நன்றாகச் செருகிக்கொள்வதும் பெரிய பாதுகாப்பு. மணிலா மூட்டைகளைப் படுக்கும் அறையில் அடுக்கி வைப்பது நம் பக்கத்து வழக்கம். மணிலாவைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மூட்டைக்கு வேறு இடம் பாருங்கள்.

தமிழ்நாடு அரசாங்கம் 2024 நவம்பரில் பாம்புக் கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருக்கிறது. கடிபட்டு வருபவர் ஒவ்வொருவரைப் பற்றியும் மருத்துவமனை, தனியாருடையதாயினும், அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் எந்த மாதத்தில் எத்தனை பேர் கடிபடுகின்றனர் என்று தெரிந்தால்தானே மருந்துக் குப்பிகளை அங்கே முன்கூட்டி அனுப்ப முடியும்? இரத்தம் உறையாமை போன்ற நஞ்சின் குறி தெரிந்தவுடன் பத்துக் குப்பிவரை மருந்து தேவைப்படுகிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று எத்தனை குப்பி இருப்பில் உள்ளது, மூச்சு நின்றால் செயற்கை மூச்சளிக்கும் கருவி அருகில் எங்கே உள்ளது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்ற மூன்றையும் ஊராட்சி மன்றத்தார் கேட்டறிந்து, பால் சங்கத்திலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி ஒட்டலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. அமாவாசை இரவில் செஞ்சிச் சாலையும் அவலூர்பேட்டைச் சாலையும் வண்டிகளால் நிரம்பிவிடுகின்றன. அன்றிரவு மோட்டார் போடச் சென்ற ஒருவரைப் பாம்பு கடித்தால், 108 வண்டி எவ்வழியாக உள்ளே வந்து எவ்வழியாக வெளியே போகும்? செஞ்சி, முண்டியம்பாக்கம் பக்கமா, திருவண்ணாமலைப் பக்கமா? கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் போலீசாரும் கோயில் நிர்வாகத்தாரும் ஊராட்சியாரும் அடுத்த அமாவாசைக்கு முன் ஒருமுறை கூடி, ஒரு வழியைத் திறந்தே வைத்திருப்பதென்று தீர்மானிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குரியவர்கள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இப்போதே எழுந்து தங்கள் கருத்தைச் சொல்லலாம். மற்றவர்களின் வினாக்களை அதன்பின் எடுத்துக்கொள்வோம்.